பஸ்ஸிலிருந்து தெரியாத யன்னல்

"ஹலோ... ஹலோ... ஆர் கதைக்கிறது? ... பஞ்சலிங்கம் நிக்கிறாரோ? ... பஞ்சலிங்கம். உங்கடை கடையிலை கயிறு, தார் விக்கிற பகுதியிலை நிக்கிறவர். ... தங்கச்சி எண்டு சொல்லுங்கோ. ... ஓம், கொக்குவிலிலை இருந்து. ... சாப்பிடுறாரோ? ... அப்ப கையைக் கழுவிப்போட்டு வரச் சொல்லுங்கோ. ஓம், ஓம், நிக்கிறன்."

கமலாவதி தொலைபேசிக் குழாயைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். கந்தசஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள் மத்தியானத்தில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்ற செய்தி, பின்னால் நின்ற செல்வநாயகியின் புருவத்தை ஏற்கெனவே உயர்த்திவிட்டிருந்தது.

"பாலும் பழமுமாய்த்தான் இருக்கும் அக்கா" என்றாள்.

அது வழக்குப் பேசும் பிரக்கிராசி நமசிவாயத்தின் வீட்டு அலுவலக அறை. வழக்குக் கட்டுகள் அடுக்கிய அலுமாரிக்குப் பக்கத்தில், சுவரில் அறைந்த மரப்பெட்டித் தொலைபேசி. சுற்றுவட்டாரத்தில் வேறு தொலைபேசி கிடையாது. பிரக்கிராசியின் மனைவி செல்வநாயகி கதிரையில் இருக்காமல், அதன் முதுகைப் பிடித்தபடி நின்றாள். தற்செயலாக நிற்கவில்லை. கேட்பதற்கென்றே நின்றாள். வந்து கேளுங்கள் என்று அழைத்தவளும் கமலாவதிதான்.

விஷயம் இதுதான். கமலாவதி தன் வீட்டு முன் ஹோலில் ஏழு பெண்பிள்ளைகளுக்குத் தையல் பழக்கினாள். இன்று காலை செல்வநாயகியின் மகள் அருந்ததி வரவில்லை. அருந்ததி வராததைப் பார்த்து மற்ற ஆறு பேரும் வரவில்லை. மெசின் மூடியபடி கிடந்தது. காரணத்தை மூன்றாம் வீட்டுக்காரி சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். தையல் ரீச்சர் சஷ்டி விரதத்தில் மீன் காய்ச்சுகிறாளாம். செல்வநாயகியே மூக்கால் கண்ட சாட்சியாம்.

"ஆ, அண்ணை, நான்தான். ... ஒருதருக்கும் ஒண்டுமில்லை. அம்மா சுகமாய்த்தான் இருக்கிறா. நான் சுகம் விசாரிக்க எடுக்கேல்லை. ... சொல்லுறதைக் கேளுங்கோ முதலிலை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கட்டின யன்னல் சீலை மணக்குது. ... மணக்குது எண்டால் மல்லிகைப்பூ மாதிரியோ மணக்கும்? நாறுது. மீன் வெடுக்கு. ... சிரிக்காதேங்கோ அண்ணை. சிரிச்சால் நான் இப்பவே வெளிக்கிட்டு வந்து கடை வாசலிலை நிண்டு கத்துவன்."

அவளுக்குக் கோபத்தில் காது சுட்டது. இந்தச் சீலைக்காக அவள் பட்ட பாடு அண்ணைக்குத் தெரியாததல்ல.

மலாயாவில் ரயில்வே உத்தியோகம் பார்த்து, பென்சனோடு வந்த அப்பா கட்டிய வீடு அது. தெருவைப் பார்த்து, கதவளவு அகலத்தில் இரண்டு யன்னல் வைத்தார். ஊர் முகம் சுளித்தது. ஆனால் ஆள் உயரத்துக்கு மேல் கிடுகு வேலி இருந்ததால் நடந்து போகிறவன் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அப்பா செத்தபின் அந்த யன்னல் வெளிச்சம்தான் கமலாவதிக்குப் பிழைப்பானது. மெசினை ஒரு யன்னலடியில் போட்டாள், பிள்ளைகளை மற்ற யன்னலடியில் பாய் விரித்து இருத்தினாள்.

மூன்று மாதத்துக்கு முன் பஸ்காரன் அதுவரை மதகடியில் நிறுத்திவந்த பஸ்ஸைக் கொண்டுவந்து அவள் படலைக்கு நேரே நிறுத்தத் தொடங்கினான். பஸ்ஸில் இருக்கிறவனுக்கு வேலி ஒரு பொருட்டல்ல. நாளுக்கு ஆறு தரம், ஆள் நிரம்பும்வரை பஸ் அங்கே நின்றது. உள்ளே இருந்தவர்கள் யன்னல் வழியே, குனிந்து தைத்துக்கொண்டிருந்த ஏழு குமர்ப்பிள்ளைகளையும் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கோயிலுக்குக்கூடத் தனியே விடாத பிள்ளைகள். யன்னலைச் சாத்தினால் ஊசிக் காது தெரியவில்லை. தட்டி கட்டினால் இருட்டு. மெல்லிய சீலை கட்டினால் பின்னேரம் விளக்கு வைத்ததும் நிழற்கூத்து. டாக்குத்தர்மார் வீட்டில் தொங்கும் சீமைச் சீலைக்கு அவளிடம் வசதி இல்லை. தாய்மார் இரண்டு கிழமை தவணை கொடுத்தார்கள். அண்ணனிடம் அவள் கேட்டது மூன்று விஷயம்: ஆள் தெரியக்கூடாது, வெளிச்சம் வரவேண்டும், மலிவாக இருக்கவேண்டும்.

அண்ணன் கொண்டுவந்தான். மண் நிறத்தில் தடித்த இரண்டு துண்டு. கட்டியதும் ஹோலுக்குள் வெறுந்தேநீர் நிறத்தில் நல்ல வெளிச்சம் வந்தது. கமலாவதி பஸ் வந்து நின்றதும் மிதிபலகையில் ஏறி நின்று தன் வீட்டைத் தானே எட்டிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. எங்கே போகவேண்டும் என்று கொண்டக்டர் கேட்டான். ஓரிடமும் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

புதன்கிழமை ஐப்பசி மழை பிடித்தது. தூவானத்தில் சீலை நனைந்தது. வியாழக்கிழமை ஹோல் முழுக்க மீன் சந்தை. குசினியைக் கழுவினாள், பரணில் பூனை செத்ததோ என்று பார்த்தாள், மெசினுக்கு விடும் எண்ணெயைக்கூட மணந்து பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மகளைக் கூட்டிப்போக வந்த செல்வநாயகி, வாசலில் நின்றபடியே சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள். இன்று காலை சீலையில் முகத்தை வைத்தபோதுதான் கமலாவதிக்குப் பிடிபட்டது. நேரே இங்கே வந்தாள். என் குசினியில் பிழையில்லை, கடைச் சீலையில்தான் பிழை, உங்கள் முன்னாலேயே அண்ணனைக் கேட்கிறேன் என்றாள்.

"சொல்லுங்கோ அண்ணை. கடையிலை எங்கை வைச்சிருந்தனீங்கள்? கருவாட்டுச் சாக்குக்குப் பக்கத்திலையோ? ... இல்லையோ? ... அப்ப வாங்கின இடத்திலை பக்குவமாய் வைக்கேல்லைப் போலை. எந்தக் கடையிலை எடுத்தது? ... என்ன? ... கடையிலை எடுக்கேல்லையோ. ... அப்ப... குரு..."

வாய்க்குள் வந்த சொல்லை அப்படியே விழுங்கினாள்.

தன் வீட்டு முன் ஹோலில் ஐந்து நாளாகத் தொங்குவது சீலையே அல்ல, கடற்கரைக் குருநகரின் மீன் வள்ளமொன்றில் காற்றுக்குக் கட்டியிருந்த பழைய பாய் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. அண்ணனிடம் கயிறும் தாரும் வாங்க வருகிற கிறகோரி என்ற மீன்காரர், வள்ளத்துக்குப் புதுப் பாய் கட்டியதும் பழையதை இவனுக்குக் கொடுத்திருக்கிறார். பதினொரு வருஷம் மீனும் உப்பும் குடித்த துணி. அதைச் சைவ வீட்டில், சஷ்டி தொடங்குவதற்கு முந்தின நாள் கட்டிவிட்டு, இந்த மனிதன் கடையில் இருந்து சோறு தின்கிறான்.

பின்னால் கதிரை கிறீச்சிட்டது. செல்வநாயகி ஓரடி கிட்ட வந்திருந்தாள். அவளுக்குக் கமலாவதியின் பேச்சு மட்டும்தான் கேட்கும்.

கமலாவதி தொண்டையைச் செருமினாள்.

"ஆ... அப்பிடியோ. கருவாட்டு மூட்டையோடை ஒரே வண்டிலிலை வந்ததோ. ... மழைக்குள்ளை. ... ஓம், ஓம், வண்டில்காரன் மேலை தூக்கிப் போட்டிருப்பான். ... எனக்கு ஒரு விசரும் இல்லை அண்ணை. நீங்கள் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லுறன். ... ஓம், நீங்கள்தான் சொன்னீங்கள். இப்ப, இந்த நிமிஷம் சொன்னீங்கள். ... பேசாமல் இருங்கோவன் கொஞ்சம்."

குழாய்வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவள் திரும்பியபோது செல்வநாயகியின் முகம் இளகியிருந்தது. வண்டில்காரர்கள் எல்லாருமே அப்படித்தான் என்றாள் செல்வநாயகி. போன வருஷம் அவள் வீட்டுக் கலியாணத்துக்கு வந்த மணவறைச் சீலையில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்தார்களாம். மூன்றாம் வீட்டுக்காரியிடம் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னாள்.

அந்த இடத்தில் குழாயை மாட்டியிருக்கவேண்டும். மாட்டத்தான் கை எடுத்தாள். ஆனால் அண்ணன் சொல்லவேண்டியது இன்னும் மீதி இருந்தது.

"என்ன? ... திங்கட்கிழமையோ? திங்கட்கிழமை ஆர்? ... ஆரின்ரை மகள்? ... ஆரைக் கேட்டு வாக்குக் குடுத்தனீங்கள்?"

அவள் செல்வநாயகிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்று, வாயைக் குழாய்வாய்க்குள்ளேயே வைத்தாள். வள்ளத்துப் பாய் சும்மா வரவில்லை. அதற்குப் பதிலாக, கிறகோரியின் மகள் மரியநாயகியைத் தங்கச்சி தன் வகுப்பில் சேர்த்துச் சட்டை வெட்டவும் மெசின் ஓட்டவும் பழக்குவாள் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். திங்கட்கிழமை தொடங்கி.

"அது நடவாது. ... நடவாது எண்டால் நடவாது. ... நீங்கள் வாக்குக் குடுத்தால் நீங்கள் இருத்திப் பழக்குங்கோ, உங்கடை தார்ப் பீப்பாவுக்கு மேலை. ... என்ரை பாயிலை ஏழு பேர் இருக்கினம். அந்த எட்டாவது வந்து இருந்தால் ஏழும் எழும்பும். இது உங்களுக்குத் தெரியாதே? நீங்கள் என்ன, சீமையிலையோ பிறந்தனீங்கள்? ... நல்ல பிள்ளையாய் இருக்கட்டும். நான் கூடாத பிள்ளை எண்டு சொன்னனானே? ... கன்னியர் மடத்திலை லேஸ்தான் பழக்கினமோ. பழக்கட்டும். நான் என்ன செய்ய?"

எட்டாவது ஆர் என்று பின்னாலிருந்து கேள்வி வந்தது. கமலாவதி மறுபடி குழாய்வாயைப் பொத்தினாள்.

"அண்ணை ஒரு பிள்ளையைச் சேர்க்கச் சொல்லுறார். இடமில்லை எண்டு சொல்லுறன் அக்கா."

எந்தப் பகுதிப் பிள்ளை என்று செல்வநாயகி கேட்டாள். தெரியாத ஆட்கள் என்றாள் கமலாவதி. செல்வநாயகி மெச்சுவதுபோல் தலையை ஆட்டினாள். தெரியாத ஆட்களைச் சேர்த்தால் பிறகு கண்டதும் வந்து குந்தும், அருந்ததியை அனுப்பவே அவளுக்கு மனம் வராது என்றாள்.

கமலாவதி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். இவளுக்கு முன்னால் நின்று தலையாட்டல் வாங்க வேண்டியிருக்கிறது. ஒரு மூக்கை நம்பி ஊரையே திருப்பியவளுக்குத் திருப்பி ஒரு சொல் சொல்ல முடியவில்லை. சொல்லக்கூடியது அண்ணனுக்குத்தான்.

"கேளுங்கோ. அப்பா செத்த அண்டு நீங்கள் நாலு பேருக்கு முன்னாலை என்ன சொன்னனீங்கள்? தங்கச்சியை நான் பாக்கிறன் எண்டு. பாத்தனீங்களோ? நானே மெசினைப் போட்டன், நானே வாசல் வாசலாய்ப் போய்ப் பிள்ளையளைக் கேட்டன். ஒரு துண்டுச் சீலை கேட்டன் உங்களை. ஒரு துண்டு. அதுக்குள்ளையும் என்னை வித்துப்போட்டு வாறியள். ... சத்தம் போடாமல் எப்பிடிக் கதைக்கிறது? ... என்ன? ... ஆர் தைச்சது?"

குழாயைக் காதோடு இன்னும் அழுத்தினாள்.

"... ரெண்டு துண்டையும் அவளோ வெட்டினது? ... ஓரம் மடிச்சதும் அவளோ? ... கையாலையோ."

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனபின் அவள் அந்த விளிம்பைத் திருப்பிப் பார்த்திருந்தாள். இரட்டை மடிப்பு, நூல் பிடித்தாற்போல நேர். மெசின் தையல் என்றே நினைத்தாள். திங்கட்கிழமை பிள்ளைகளைக் கூப்பிட்டு, இப்படி மடிக்கப் பழகுங்கள் என்று காட்டியும் இருந்தாள். அருந்ததி மூன்று நாள் முயன்றும் அப்படி வரவில்லை.

"... அது வேறை கதை அண்ணை. ... ஓம், நல்ல தையல்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ... அது வேறை. ... என்ன? பக்கத்திலை நிக்கிறாரோ? ... இவ்வளவு நேரமும் நிண்டவரோ? ... வேண்டாம். அவரிட்டைக் குடாதேங்கோ. அண்ணை, குடாதேங்கோ. அண்ணை..."

குழாய் கைமாறும் கரகரப்பு. பிறகு காற்றுக்கும் அலைக்கும் மேலால் கத்திப் பழகிய கிறகோரியின் குரல். கமலாவதி குழாயைக் காதிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்தாள், பிறகு பயந்து மீண்டும் ஒட்டிக்கொண்டாள். சொல் விளங்காவிட்டாலும் ஆள் மாறியது செல்வநாயகிக்குத் தெரிந்தது. ஆர் என்று வாயசைத்தாள்.

"கடை முதலாளி" என்றாள் கமலாவதி.

பிறகு, வேறு குரலில்:

"ஓம்... ஓம், நான்தான் தையல் ரீச்சர். ... ஓம். ... கட்டியிருக்கு. ... நல்லாய்த்தான் இருக்கு. வெளிச்சம் காணும். பஸ்ஸிலை இருந்து பாத்தால் ஒண்டும் தெரியாது. ... ஓம், மணக்குது எண்டு சொன்னனான்தான். ... ஓம், நாறுது எண்டும் சொன்னனான். ... கோபத்திலை சொன்னது. ... ஓம், சொல்லுங்கோ. நல்ல தண்ணியிலை... ஓம்... மூண்டு தரம் ஊறவைச்சு... உப்புத்தான் காரணமோ. ... ஓம், உப்பு நிண்டால் மழைக்கு மழை ஈரம் இழுக்கும். ... வேப்பமிலை போட்டு அவிக்க... பேந்து வெயிலிலை... ஓம், ஓம். விளங்குது. பெரிய உபகாரம்."

செல்வநாயகி ஒவ்வொன்றையும் மனதில் எழுதிக்கொண்டாள். துணி தெரிந்த முதலாளி என்றாள் மெதுவாக.

அதன்பின் அந்தக் குரல் தணிந்தது. தணிந்ததும் கமலாவதிக்கு வித்தியாசம் விளங்கியது. கத்தியபோது அது கடற்கரைச் சத்தம்தான். இப்போதுதான் கோபம்.

"... கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன். ... இல்லை, நான் அப்பிடிச் சொல்லேல்லை. ... சொன்னனான், ஆனால் அண்ணையிட்டைச் சொன்னது. ... ஓம். ... ஓம், எழும்புவினம் எண்டுதான் சொன்னனான். ... உங்களைக் குறைச்சுக் கதைக்கேல்லை. ... இல்லை, நீங்கள் ஒருதரிட்டையும் கையேந்தி வரேல்லை, ஓம். ... நான் அதைத் திருப்பி அனுப்புறன். அண்ணை ஞாயிற்றுக்கிழமை வந்து கழட்டி... வேண்டாமோ? ... சும்மா எப்பிடி வைச்சிருக்கிறது? ..."

வியர்வையில் குழாய் வழுக்கியது. மற்றக் கைக்கு மாற்றினாள்.

"... தையலிலை பிழை இல்லை. ... ஒரு பிழையும் இல்லை எண்டு சொல்லுறன். என்ரை பிள்ளையள் ஒருதருக்கும் அப்பிடி வராது. ... ஓம், மெய்யாய்த்தான். ... அப்ப என்னெண்டோ? ..."

அவள் திரும்பினாள். செல்வநாயகி இரண்டடியில் நின்றாள், நெற்றியில் திருநீறு மூன்று கோடாக, விரதத்தில் உதடு காய்ந்து. இடமில்லை என்று சொல்ல இவ்வளவு நேரமா என்ற கேள்வி அவள் முகத்தில் இருந்தது. அந்த முகத்துக்குப் பின்னால் மற்ற ஆறு தாய்மாரும் வரிசையாக நின்றார்கள். உண்மையைச் சொல்லி மரியநாயகியைச் சேர்த்தால் திங்கட்கிழமை ஹோலில் அந்த ஒரு பிள்ளைதான் இருக்கும். அந்த ஒன்றும் எத்தனை நாளைக்கு? கிறகோரி மறுபடி கேட்டார். சுற்றி வளைக்கவில்லை. பெட்டையின் கையில் பிழை இல்லை என்றால், பெட்டை பிறந்த இடமோ பிழை என்று, ஆம் அல்லது இல்லை என்று சொல்லக்கூடியதாகவே கேட்டார்.

கமலாவதி குழாய்வாய்க்குக் கிட்டப் போனாள்.

"ஓம்" என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. ஒரே வசனம், சிறியது. பிறகு கொளுக்கியில் குழாயை மாட்டும் சத்தம்.

"ஹலோ... ஹலோ..."

கம்பி இரைந்தது. எக்சேஞ்சில் இருந்தவன் வந்து, கதைத்து முடிந்ததா என்று கேட்டான். அவள் குழாயை மாட்டினாள்.

முதலாளி கடைசியில் என்ன சொன்னார் என்று செல்வநாயகி கேட்டாள்.

"சீலையை வைச்சிருக்கட்டாம்."

காசு கேட்காமலா என்று செல்வநாயகி வியந்தாள். நல்ல மனிதர் என்றாள். துவைத்துக் காயப்போட நாளைக்குத் தன் வேலைக்காரியை அனுப்புவதாகவும், திங்கட்கிழமை அருந்ததி வழக்கம்போல் வருவாள், மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னாள்.

"வரட்டும்" என்றாள் கமலாவதி.